கேமராவில் 76 டிகிரிதான், பிசிபி ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. பாயான் லெப்பாஸில் பவர் சப்ளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு பிளேனர் டிரான்ஸ்ஃபார்மரில் (கம்பிச் சுருளுக்குப் பதில் பிசிபி எனும் சர்க்யூட் போர்டின் லேயர்களில் உள்ள செம்புத் தடங்களே வைண்டிங், அதைச் சுற்றி ஃபெரைட் கோர்) சூடாக வீணாகும் மொத்த இழப்பு 6 வாட், தெர்மல் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஒரு வாட் இழப்புக்கு ஏறும் சூடு, 8 டிகிரி என்று எடுத்துக்கொண்டேன். 24 டிகிரி லேப்பில் 72 வர வேண்டும், தெர்மல் கேமரா 76 காட்டியது. ஆனால் பெட்டிக்குள் வைத்து முழு லோடில் ஓடவிட்டு, பிறகு கோரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பிசிபி பழுப்பாகியிருக்கிறது. எங்கே தப்பு?
- ஒரு வாசகர், பினாங்கு

பதில்: உங்கள் கேமரா பார்த்தது கோரின் மேற்பரப்பை. சூடு பிறப்பதோ நடு லேயர்களில், இரண்டு ஃபெரைட் துண்டுகளுக்கு இடையில், அங்கே எந்தக் கேமராவுக்கும் கண் எட்டாது. செம்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும், ஆனால் லேயர்களுக்கு நடுவே இருக்கும் எஃப்ஆர்4 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த போர்டுப் பொருள்) செம்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மோசம். அதனால் வெப்பம் பக்கவாட்டில் சுலபமாக ஓடும், மேலே ஏறத் திணறும், இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணைப் போட்டால் உள்ளே இருக்கும் உச்சச் சூடு கணக்கிலேயே வராது. குறைந்தது கோர், வைண்டிங், பெட்டிக் காற்று என்று மூன்று புள்ளி வைத்து, நடுவில் தனித்தனி ரெசிஸ்டன்ஸ் போடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது பிசிபிக்கும் கோருக்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி. 0.2 மில்லிமீட்டர் காற்று, வெப்பத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் எஃப்ஆர்4க்குச் சமம்! தெர்மல் பேஸ்ட் அல்லது பேட் வைத்து அதை நிரப்புங்கள், மற்ற எதையும் அப்புறம் பார்க்கலாம்.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். ஏசி லேப்பில் 24 டிகிரி, ஆனால் நம் ஊரில் வெளியிலேயே பகலில் 30க்கு மேல், மூடிய பெட்டிக்குள் 50 ஆவது சகஜம். அப்போது இழப்பும் அதே 6 வாட்டாக நிற்காது, ஏனென்றால் 25இலிருந்து 100 டிகிரிக்குப் போனால் செம்பின் டிசி ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 29 சதவிகிதம் கூடுகிறது. பவர் சப்ளையில் அதிகம் பயன்படும் ஃபெரைட் வகைகள் பலவற்றில் கோர் இழப்பு 100 டிகிரி வாக்கில்தான் மிகக் குறைவு, அதைத் தாண்டினால் அதுவும் ஏறும். இரண்டும் சேர்ந்து ஏறினால் சூடு இழப்பைக் கூட்டும், இழப்பு சூட்டைக் கூட்டும், ஓர் இடத்தில் நிற்காமலே போகலாம். ஆகவே வந்த வெப்பநிலையை வைத்து இழப்பை மறுபடி போட்டு, எண் நிலைக்கும் வரை கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

அளப்பதற்கு வைண்டிங்கையே தெர்மாமீட்டராக்கலாம். குளிர்ந்த நிலையில் பிரைமரியின் (உள்ளீட்டுப் பக்க வைண்டிங்) ரெசிஸ்டன்ஸை நான்கு வயர் முறையில் (கரண்ட் செலுத்த இரண்டு வயர், வோல்டேஜ் அளக்க வேறு இரண்டு) அளந்து வையுங்கள். பெட்டியை மூடி, சூடு நிலையாகும் வரை முழு லோடில் ஓட்டி, அணைத்த உடனே சில விநாடிக்கு ஒருமுறை அளந்து, அவற்றை நேரத்துக்கு எதிராக வரைந்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி அணைத்த கணத்தின் மதிப்பை எடுங்கள். சூடான ரெசிஸ்டன்ஸைக் குளிர்ந்ததால் வகுத்து, குளிர்ந்த வெப்பநிலையோடு (செல்சியஸில்) செம்புக்கான மாறிலி 234.5 கூட்டியதால் பெருக்கி, 234.5 கழித்தால் வைண்டிங்கின் சராசரி வெப்பநிலை வரும். நடு லேயர் அதைவிடச் சூடாகவே இருக்கும், அதற்கும் இடம் விட்டு வையுங்கள்.