அந்த ஒரு மணி நேரம்

கேள்வி: நான் இருபது வருடமாக அறுவைச் சிகிச்சை நிபுணர். போன வாரம், ஆபரேஷன் முடிந்து வார்டுக்குப் போன நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இரவு டியூட்டி நர்ஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்குப் போன் செய்தார். ஓடிப்போய்க் காப்பாற்றினேன். பிறகு வார்டிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்டேன். அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். உயிர் விஷயத்தில் கோபப்படாதவன் டாக்டரா? மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் அல்ல நான், அடுத்த நிமிடமே மறந்துவிடுவேன். இப்படிப்பட்ட ஊழியர்களை வைத்துக்கொண்டு எப்படி வேலை வாங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர்

பதில்: அந்த ஒரு மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

நான் ஊகித்துச் சொல்கிறேன், தவறென்றால் அவரே திருத்தட்டும். முதலில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 100 இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் 94. போனைக் கையில் எடுத்திருப்பார். முன்பொரு ராத்திரி கூப்பிட்டதற்கு, ‘இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?’ என்று நீங்கள் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்திருக்கும். போனை வைத்துவிட்டு மறு கையில் பட்டையைக் கட்டிப் பார்த்திருப்பார். பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு, ‘நீங்க ஒரு தடவை பாருங்களேன்’ என்றிருப்பார். 80-க்கு வந்த பிறகு, திட்டினால் திட்டட்டும் என்று உங்களை எழுப்பியிருப்பார். அந்தத் தாமதத்தை வார்டுக்குக் கற்றுக்கொடுத்தது யார், டாக்டர்?

மருந்துப் பிழைகளை ஆராயும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பு 2003-ல் நர்ஸ்கள், மருந்தாளுநர்கள் எனப் பலரிடம் இதைப் பற்றிக் கேட்டது. முன்பு மிரட்டல் வாங்கிய அனுபவத்தால், மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் விளக்கம் கேட்கும் விதத்தையே மாற்றிக்கொண்டோம் என்று ஏறத்தாழப் பாதிப் பேர் சொன்னார்கள்.

நீங்கள் கத்தவேண்டும் என்றுகூட இல்லை. 2015-ல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்றில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு, குறைப்பிரசவக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென மோசமாவதுபோல் ஒத்திகை வைத்தார்கள். வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர், சில குழுக்களிடம் மட்டும், இங்குள்ளவர்கள் தன் துறையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்கிற தோரணையில் பேசினார். அவ்வளவுதான். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் அந்தக் குழுக்கள் பின்தங்கின. தகவல் பகிர்வது குறைந்தது, உதவி கேட்பதும் குறைந்தது. உங்கள் நாலு வார்த்தை இதைவிட மென்மையாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கோபம் உயிர் விஷயத்தால்தான் வருகிறதென்றால் எல்லார்மேலும் வரவேண்டும். மயக்க மருந்து நிபுணர் தாமதமாக வந்த அன்று இதே குரலில் பேசினீர்களா? கேட்ட கருவியை வாங்கித் தராமல் இழுத்தடித்த நிர்வாகியிடம்? அங்கெல்லாம் அடக்கத் தெரிந்தவருக்கு வார்டில் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது?

மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள். சரி, இறக்கி வைத்தாயிற்று, யார் தலையில்? மறுநாள் அதே சிஸ்டர் ஊசியோடு வந்தால், ‘வேற சிஸ்டர் இல்லையா?’ என்று, நீங்கள் திட்டியதைக் கட்டில் அருகே நின்று கேட்ட நோயாளியின் மகன் கேட்பார். அந்த சிஸ்டரும் தன் பங்குக்கு ஆயாம்மாவிடம் எரிந்து விழுவார். அது நோயாளியின் படுக்கைவரை வந்துதான் நிற்கும்.

ரத்தம் பீறிடும்போது ‘கிளாம்ப் குடு, சீக்கிரம்!’ என்று நீங்கள் கத்தினால் யாரும் புகார் எழுத மாட்டார்கள். அது வேலையைப் பற்றிய சத்தம். ‘உன்னை யார் வேலைக்குச் சேர்த்தது?’ என்பது ஆளைப் பற்றியது. இனி கத்தமாட்டேன், முகம் கொடுத்துப் பேசவும் மாட்டேன் என்று அடுத்த கோடிக்குப் போய்விடாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதையும் போனை எடுக்காமல் இருப்பதையும் கூச்சலோடு சேர்த்துத்தான், நோயாளிக்கு ஆபத்து என்று மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2008-லேயே எச்சரித்தது.

வேலை வாங்கும் வழி கேட்டீர்கள். அழுத்தம் எவ்வளவுக்குக் கீழே போனால், நாடி எவ்வளவுக்கு மேலே போனால், சிறுநீர் எவ்வளவு குறைந்தால் உங்களை எழுப்பவேண்டும் என்று ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுதிய எண் இருந்தால் நர்ஸ் உங்கள் மனநிலையைக் கணிக்கவேண்டியதில்லை. தேவையில்லாமல் எழுப்பியதாகத் தோன்றும் ராத்திரியிலும், ‘கூப்பிட்டது நல்லது’ என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். கஷ்டம்தான், சொல்லுங்கள். நோயாளியின் உடலில் கத்தி வைப்பதற்கு முன் குழுவில் எல்லாரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதே, அதை வெறும் டிக் போடும் சடங்காக விடாதீர்கள். ஒரு தடவை வாய் திறந்தவருக்கு மறு தடவை திறப்பது எளிது.

விடிய விடிய விழித்த நாளில் யாருக்கும் பொறுமை குறையும், மறுக்கவில்லை. அன்று காலையிலேயே, ‘ராத்திரி தூங்கல, இன்னிக்கு நான் சிடுசிடுத்தா சொல்லுங்க’ என்று சொல்லிவிடலாம்.

புகார் விஷயம்: வாபஸ் வாங்கச் சொல்லி நர்சிங் சூப்பரின்டென்டெண்டைத் தூது விடாதீர்கள், அறைக்குக் கூப்பிட்டுச் சமாதானமும் பேசாதீர்கள். விசாரணை அதன் போக்கில் நடக்கட்டும். எந்த வார்டில், யார் முன்னால் திட்டினீர்களோ அங்கேயே போய் வருத்தம் தெரிவியுங்கள். அப்புறம், என்னைக் கூப்பிட ஏன் ஒரு மணி நேரம் ஆனது என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள்.