லிண்டலோடு நிற்கும் வீடு: அடுத்த தவணை கொடுக்கலாமா?

உங்கள் வீட்டைக் கட்டும் கான்ட்ராக்டர் அடுத்த தவணையாகக் கேட்கும் அந்த இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரத்தோடு வேலையை நிறுத்திவிட்டு, கூரைத் தளம் போட முன்பணம் கேட்கிறார் என்றால், நீங்கள் கொடுத்த பணம் பெரும்பாலும் வேறொரு சைட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் இதே கதிதான். ஐப்பசி மழையில் பில்லர் கம்பிகள் துருப்பிடித்து, தொட்டால் விரலில் செதில் செதிலாக ஒட்டியது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒன்று செய்து பாருங்கள். கம்பிக்கும் சிமெண்டுக்கும் கடையில் நானே பணம் கட்டுகிறேன், கூலியைச் சனிக்கிழமை தோறும் தருகிறேன் என்று சொல்லுங்கள். மழுப்பினால் விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம், வேறு ஆளை இறக்கும் முன் ஒரு இன்ஜினியரை வைத்து, முடிந்த வேலையை அளந்து எழுதி வாங்கி, போட்டோவும் எடுத்துவிடுங்கள். புதுச் சுவர் எழும்பிய பிறகு யார் கட்டியது எவ்வளவு என்று காட்ட முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுதான் கெடு.