கித்தார் பாடிக்கு ஸ்ப்ரேயா, எண்ணெயா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாம்ல ஃப்ளாட்டுல இருக்கேன். நியாத்தோ பலகையில நானே ஒரு எலெக்ட்ரிக் கித்தார் பாடி வெட்டி வெச்சிருக்கேன், மேப்பிள் மர நெக் (விரல் வெச்சி வாசிக்கிற நீளக் கட்டை) மட்டும் ரெடிமேடா வாங்கினது. யூடியூப்ல பாக்குற எல்லாரும் நைட்ரோ லாக்கர்ங்கிற சீக்கிரம் காயுற பூச்சுதான் அடிக்கணும், அப்பதான் சவுண்டு தொறக்கும்னு சொல்றாங்கன்னு ஒரு ஸ்ப்ரே கேன் வாங்கி மிஞ்சின துண்டுல அடிச்சிப் பார்த்தேன். மழை விட்ட சாயங்காலம், கொஞ்ச நேரத்துல மேல பூரா வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி ஆயிருச்சி. கேன் டூப்ளிகேட்டா, இல்ல என் கை சரியில்லயா? பாடிக்கு என்னதான் பூசுறது?

பதில்: தம்பி, கேனும் சரி, கையும் சரி, நீங்க அடிச்ச நேரம்தான் சரியில்ல. லாக்கர்ல இருக்கிற தின்னர் வேகமா ஆவியாகுது, ஆவியாகுறப்ப மரத்து மேல இருக்கிற சூட்டையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருது, மேல்பரப்பு சட்டுனு குளுந்துரும், உடனே காத்துல இருக்கிற ஈரம் அந்தப் பூச்சுக்குள்ளயே தண்ணியா இறங்கி மாட்டிக்குது, அதுதான் நீங்க பார்த்த வெள்ளை. பெயிண்டு அடிக்கிறவங்க இத பிளஷிங்னு சொல்லுவாங்க. பினாங்குல விடியக்காலையில ஈரப்பதம் 90 சதவீதத்தத் தொடும், நல்ல வெயில் ஏறின மதியத்துல 60, 65க்கு இறங்கும், மழை பெஞ்சா திரும்ப மேல போயிரும். யூடியூப்ல சொல்றவரு இருக்கிற ஊர்ல காத்து வேற, நம்ம காத்து வேற.

அந்தத் துண்ட தூக்கிப் போடாதீங்க. வெயில் காஞ்ச ஒரு மதியம் பார்த்து, ரிட்டார்டர்னு கார் பெயிண்டு கடையில கேளுங்க, மெதுவா காயுற தின்னர் அது, அத லேசா ஒரு தடவ மேல ஸ்ப்ரே பண்ணினா பூச்சு மறுபடி இளகி உள்ள இருக்கிற தண்ணிய வெளிய விட்ரும், வெள்ளை பெரும்பாலும் போயிரும்.

ஆனா கேக்காமலே ஒண்ணு சொல்றேன், உங்க பாடிக்கு நைட்ரோவே வேணாம். சவுண்டுக்காகன்னா இன்னும் வேணாம். காந்தத்துக்கு மேல இரும்புக் கம்பி ஆடுறப்ப பிக்கப்புல (கம்பிக்கு அடியில இருக்கிற காந்தக் கருவி) சுத்தியிருக்கிற காயில்ல கரண்டு பொறக்குது, ஆம்ப்ளிஃபையருக்குப் போறது அந்தக் கரண்டுதான். முடி கனத்துக்கு இருக்கிற பூச்சு அதுல என்ன பண்ணுதுன்னு கண்ண மூடிக்கிட்டு காதால கண்டுபிடிக்கிறவர இன்னும் நான் பாக்கல. 1950கள்ல ஃபெண்டர் கம்பெனி நைட்ரோ அடிச்சதுக்குக் காரணம் அந்தக் காலத்துல ஃபேக்டரிக்கு சுலபமா கிடைச்ச, சீக்கிரம் காயுற பூச்சு அதுதான், கலர் கித்தாருக்கு டூபோன்ட் கார் பெயிண்டையே எடுத்து அடிச்சாங்க, 60களோட கடைசியில அவங்களே கெட்டியான பாலியெஸ்டருக்கு மாறிட்டாங்க. இன்னொன்னு பாருங்க, குவீன் குழுவோட பிரையன் மே 1963ல அப்பாவோட சேந்து வீட்டுலயே செய்ய ஆரம்பிச்ச கித்தார்தான் அவரு காலம் பூரா வாசிச்சது, நெக்குக்கு எடுத்தது பழைய கணப்பு அடுப்போட மரச்சட்டம், மேல பூசினது மேசை நாற்காலிக்கு விக்கிற ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங். அதுல எந்த சவுண்டு அடைச்சிக்கிச்சி சொல்லுங்க?

ஃப்ளாட்டுல இருக்கிறவங்களுக்கு என் சிபாரிசு டேனிஷ் ஆயில், இல்லன்னா ட்ரூ ஆயில், ரெண்டும் மரத்துல தடவினா காஞ்சி இறுகுற எண்ணெய், துணியால தடவுறது. பக்கத்து வீட்டுக்காரங்க துணி காயப்போட்டிருக்கிற காரிடார்ல ஸ்ப்ரே அடிச்சி சண்டை வாங்க வேண்டியதில்ல, பூச்சு மெல்லிசா இருக்கும், நாளைக்கு எங்கயாவது இடிச்சி கீறல் விழுந்தா அந்த இடத்த மட்டும் தேச்சி மறுபடி தடவிக்கலாம். கண்ணாடி மாதிரி பளபளப்பு வராது, அத இப்பவே சொல்லிர்றேன்.

உண்மையான வேலை எண்ணெய்க்கு முன்னாடியே இருக்கு, எல்லாரும் அவசரப்படுறதும் அங்கதான். 120 சேண்ட்பேப்பர்ல ஆரம்பிச்சி 180, அப்புறம் 220 (நம்பர் ஏற ஏற நைசா இருக்கும்), எப்பவும் மர ரேகை ஓடுற திசையில. ஒவ்வொரு நம்பருக்கும் முன்னாடி பென்சிலால பாடி பூரா கிறுக்கி விடுங்க, கிறுக்கல் எல்லாம் போனாதான் அடுத்த நம்பர். விளக்க அணைச்சிட்டு கைப்பேசி டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சிப் பாருங்க, ரவுட்டர் (மரம் குடையுற மெஷின்) விட்ட கோடு, குறுக்குக் கீறல் எல்லாம் அப்பதான் தெரியும், இப்ப விட்டீங்கன்னா எண்ணெய் பட்டதும் அது கறுப்பா எழுந்து நிக்கும். பாடியில நெக்குக்கு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருக்கிற கொம்பு வளையுற இடத்துலயும் கீழ்ப்பக்கத்துலயும் மரத்தோட வெட்டுமுனை இருக்கும், அது எண்ணெய நெறைய குடிச்சி கறுத்துப் போகும், அதனால அங்க மட்டும் 320 வரைக்கும் போங்க. கடைசியா ஈரத்துணியால ஒரு தடவ தொடச்சி காய விட்டீங்கன்னா படுத்திருந்த நாரெல்லாம் எழும்பும், அத 220ல லேசா தட்டி எடுத்துருங்க. தலைக்கு தேங்காய் எண்ணெய் வெச்சிக்கிட்டு அந்தக் கையோட பாடிய தொடாதீங்க, அது காயாத எண்ணெய், அந்த இடத்துல பூச்சு பிடிக்காது.

நியாத்தோ மரத்துல இயற்கையா இருக்கிற நுண்துளை ரொம்பப் பெருசு இல்ல, ஆனா இருக்கு. அத அடைக்கிற ஃபில்லர் தனியா வாங்க வேணாம், முதல் கோட் எண்ணெய தாராளமா தடவி ஈரமா இருக்கிறப்பவே 400 வெட் பேப்பரால தேய்ங்க, மரத்தூளும் எண்ணெயும் கலந்து சேறு மாதிரி வரும், அத துளைக்குள்ள அழுத்தித் தேச்சி, கொஞ்சம் இறுகினதும் குறுக்கால தொடச்சி எடுங்க, அதே மரத்துத் தூளு, கலரும் ஒத்துப்போகும். அடுத்த கோட்ல இருந்து தடவுறது, ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் விடுறது, மிச்சத்த சுத்தமா தொடைக்கிறது, அவ்வளவுதான், தொடைக்காம விட்டா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டே கெடக்கும். டின்ல எத்தன மணி நேரம் போட்டிருந்தாலும் சரி, மழைக்காலத்துல ரெண்டு நாள் இடைவெளி விடுங்க. நாலஞ்சு கோட்டுக்கு அப்புறம் நியாத்தோவோட அந்த சிவந்த பழுப்பு நல்லா எறங்கி வரும், சும்மா சொல்லல, அழகான மரம் அது.

கேள்வி: பூச்சு இல்லாத மேப்பிள் நெக் வாங்கியிருக்கேன், ஃபிரெட்போர்டும் (நெக் மேல விரல் வெக்கிற பலகை) மேப்பிள்தான். சும்மா அப்படியே வாசிச்சா என்ன? கைக்கு நல்லாத்தான் இருக்கு. (செந்தூல் வாசகர்)

பதில்: கைக்கு நல்லாத்தான் இருக்கும், ஒரு வருஷத்துல ஃபிரெட்போர்டு அழுக்குக் கறுப்பு ஆயிரும், வேர்வை உள்ள போனா மேப்பிள்ல இருந்து எடுக்குறது கஷ்டம். அதுவும் பகல்ல புழுக்கம், ராத்திரி ஏர்கோன்னு மாறி மாறி இருக்கிற ரூம்ல மரம் ஈரத்த இழுக்கும், விடும், நெக் அசையும். பூச்சு அத நிறுத்தாது, மெதுவாக்கும், மிச்சத்த டிரஸ் ராட் (நெக்குக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி) திருப்பி சரி பண்ணிக்கலாம். நெக் முழுசுக்கும் தண்ணியில கலக்கிற வகைப் பாலியூரித்தேன் மெல்லிசா தடவுங்க, மரம் வெளுப்பாவே இருக்கும். பழைய கித்தார் மாதிரி மஞ்சள் வேணும்னா எண்ணெய் தடவுங்க. பின்பக்கத்த கடைசியில நைசான ஸ்காட்ச்பிரைட் தேய்ப்பானால ஒரு தடவ இழுத்து விட்டா கட்டைவிரல் ஒட்டாது. ஃபிரெட்போர்டு ரோஸ்வுட்டா இருந்தா இந்தப் பூச்சு எதுவும் வேணாம்.

கேள்வி: மகோகனி பாடிக்கு நீலச் சாயம் ஸ்பிரிட்டுல கலந்து பூசி, அதுக்கு மேல ஷெல்லாக் பிரஷ்ல அடிச்சேன், கலர் எல்லாம் கரைஞ்சி பிரஷ்லயே வந்திருச்சி. ஏன்? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: ஷெல்லாக்னா அரக்கு, அதையும் ஸ்பிரிட்டுலதான் கரைக்கிறோம், உங்க சாயமும் ஸ்பிரிட்டுல கரையுறது, அப்புறம் கரையாம என்ன செய்யும்? தண்ணியில கரையுற சாயம் வாங்குங்க, அது மேல ஷெல்லாக் அடிச்சா அசையாது. இன்னொன்னு, மகோகனி செவப்பு மரம், நீலத்த நேரா மேல பூசினா ஊதாவும் இல்லாம பழுப்பும் இல்லாம ஒரு அழுக்குக் கலர்தான் வரும். நீலம்தான் வேணும்னா மேல ஒரு மெல்லிய மேப்பிள் தகடு ஒட்டியிருக்கணும், இப்ப முடியாதுன்னா செவப்புக்குப் போயிருங்க, மகோகனிக்கு அதுதான் எடுக்கும். ஷெல்லாக்க கடைசிப் பூச்சா வெக்காதீங்க, வேர்வைக்கும் ஈரத்துக்கும் வெளுத்துப் போகும். மெழுகு எடுத்த ஷெல்லாக்கா பார்த்து வாங்கி அடியில போட்டு, மேல பாலியூரித்தேன் போடுங்க. மெழுகு இருக்கிறதுக்கு மேல பாலியூரித்தேன் சரியா பிடிக்காது.

கேள்வி: ஐயா, என் மகன் எண்ணெய் தடவுற பழந்துணிய எல்லாம் சுருட்டி சமையக்கட்டு குப்பைக்கூடையில போடுறான், ராத்திரியில என்னமோ ஸ்ப்ரே அடிக்கிறான், கேட்டா மாஸ்க் போட்டிருக்கேன்னு சொல்றான். வீடே நாத்தம். இது ஆபத்தா இல்லயா? (கிள்ளான் வாசகி)

பதில்: அம்மா, உங்க பயம் நியாயம், இந்தப் பகுதிய அப்படியே வெட்டி அவரு ரூம் கதவுல ஒட்டுங்க. ஆளி விதை எண்ணெய், டேனிஷ் ஆயில் இதெல்லாம் காத்தோட சேந்துதான் காயுது, காயுறப்ப சூடு வரும். விரிச்சிப் போட்ட துணியில அந்தச் சூடு போயிரும், சுருட்டின துணிக்குள்ள போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய் நெருப்பே இல்லாம தானா பத்திக்கும். நடக்காத கதை இல்ல, தச்சுப் பட்டறைங்க இப்படி எரிஞ்சிருக்கு. துணிய வெளிய கம்பியில ஒத்தையா விரிச்சிக் காயப் போடணும், இல்ல தண்ணி ஊத்தின டின்ல முக்கி மூடணும்.

மாஸ்க் விஷயம், முகத்துல போடுற சாதா மாஸ்க்கும் என்95ம் தூசிக்கு சரி, மரத்தூள் தேய்க்கிறப்ப போடட்டும். தின்னர் ஆவிய அது தடுக்காது, அதுக்குக் கரி கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் வேணும். அடுப்பு எரியுற வீட்டுக்குள்ள ஸ்ப்ரே கூடவே கூடாது. அப்புறம் அந்தக் கேன் மேல "2K" (டூ-கே) அப்படின்னு போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா அதுல பூச்ச இறுக வைக்கிற ஹார்டனர் இருக்கு, நெறைய டூ-கே கிளியர்ல அது ஐசோசயனேட், மூச்சுல போனா ஆஸ்துமா வரவைக்கும், ஒரு தடவ ஒத்துக்காமப் போச்சின்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் இழுப்பு வரும். அத வீட்டுல அடிக்கவே வேணாம், கார் பெயிண்டு அடிக்கிற பட்டறையில குடுத்தா ஸ்ப்ரே அடிக்கிறதுக்குன்னே இருக்கிற அறைக்குள்ள வெச்சி அடிச்சித் தருவாங்க, காசு போனா போகுது.

கேள்வி: லாக்கர் அடிச்சி முடிச்சிட்டேன், கைக்கு ஒட்டல. எப்ப கம்பி மாட்டலாம்? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: கைக்கு ஒட்டலன்னா காஞ்சிருச்சின்னு அர்த்தம் இல்ல. மூக்க கிட்ட வெச்சி மோந்து பாருங்க, தின்னர் வாடை அடிக்குதுன்னா இன்னும் உள்ள இருக்கு. மூணு நாலு வாரம் தொங்க விடுங்க, அப்புறம்தான் 1000, 1500, 2000னு தண்ணி தொட்டு தேய்க்கிறது, பாலிஷ் போடுறது எல்லாம். தேய்க்கிறப்ப ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள தண்ணி போகக் கூடாது, போனா மரம் உப்பி ஓட்டையச் சுத்தி பூச்சு வெடிக்கும், மெழுகு வெச்சி அடைச்சிட்டு தேய்ங்க. நெக் உக்கார்ற பள்ளத்துல பூச்சு ஏறியிருந்தா சுரண்டி எடுங்க. நைட்ரோன்னா ரப்பர் போட்ட ஸ்டாண்டுல சாய்ச்சி வெக்காதீங்க, ரப்பரும் பூச்சும் கலந்து தடம் விழும், பருத்தித் துணி சுத்தி வெச்சா பரவாயில்ல. கம்பி உக்கார்ற பிரிட்ஜுக்குப் போற வயர் ஓட்டை அடைஞ்சிருந்தா டிரில் பிட்ட கையால திருப்பித் தொறங்க, மெஷின்ல போட்டீங்கன்னா ஓரத்துல பூச்சு பேந்துரும்.