கணினிக் கேள்வி – பதில்: 700 வரிச் செயற்கூறு

கேள்வி: ஆயத்த ஆடைகளை இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக, லாராவெல் என்ற பிஎச்பி மொழிச் சட்டகத்தில் எழுதப்பட்ட வலைச் செயலி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதில் ஆர்டரை ஏற்கும் ஃபங்ஷன் (செயற்கூறு) மட்டும் ஏறத்தாழ 700 வரிகள் கொண்டது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, அதற்குள் மூன்று இடங்களில் திருத்தம் செய்தேன். நான்காவதாக ஓர் இடம் இருந்தது இரண்டு நாட்களுக்குப் பிறகே தெரிந்தது. அதற்குள் பல பில்கள் தவறாகச் சென்றுவிட்டன. இதைப் பிரித்து எழுத வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் தொடவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் பயத்துக்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. ஒன்றையொன்று சாராத பத்து ‘இஃப்’ நிபந்தனைகள் ஒரு செயற்கூறில் அடுத்தடுத்து வந்தால், அதன் வழியாகச் செல்லக்கூடிய பாதைகள் 1024 ஆகிவிடுகின்றன. கூப்பன் உண்டா, வெளிமாநில முகவரியா, வீட்டில் பணம் பெறும் ஆர்டரா, இருப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டே போகும் 700 வரிகளில் பத்து நிபந்தனைகளோடு நிற்காது. அத்தனை பாதைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு திருத்துவது எவராலும் ஆகாது. ஆனால் வரிகளின் எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: இத்தகைய செயற்கூறுகளில் தொகையைக் கணக்கிடும் வேலையும், தரவுத்தளத்தில் எழுதுவது, மின்னஞ்சல் அனுப்புவது போன்ற வெளிவேலைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இவ்விரண்டையும் பிரித்துவிட்டால், மீதி வேலையில் பெரும்பகுதி தானாக எளிதாகிவிடும்.

பிரிப்பதற்கு முன்பு, அந்தச் செயற்கூறு இன்று என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய ஆர்டர்களிலிருந்து நாற்பது ஐம்பதைத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். உள்மாநிலம், வெளிமாநிலம், கூப்பன் உள்ளது, இல்லாதது, ஒரே ஆர்டரில் மலிவான சட்டையும் விலையுயர்ந்த சுடிதாரும் சேர்ந்து வந்தது என எல்லா வகையும் அவற்றில் இருக்க வேண்டும். வரி விகிதம் மாறும் எல்லைகளையும் மறக்க வேண்டாம்: 2500 ரூபாய்க்கு ஒரு சோதனையும் 2501 ரூபாய்க்கு ஒரு சோதனையும் தனித்தனியே தேவை. இவற்றைச் சோதனைத் தரவுத்தளத்தில் ஓட்டி, வரும் தொகைகளைச் சேமித்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றோடு ஒப்பிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது பழைய பிழை ஏதேனும் தென்பட்டால், உடனே கைவைக்காமல் குறித்து வைத்துக்கொண்டு தனியாகத் திருத்துங்கள். இடம் மாற்றுவதையும் நடத்தையை மாற்றுவதையும் ஒரே கமிட்டில் (நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு பதிவில்) கலந்துவிட்டால், தொகை மாறும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து, ஜிஎஸ்டி வரிக் கணக்கை முதலில் வெளியே எடுக்கப் பரிந்துரைக்கிறேன். உங்களுக்கு அடிபட்ட இடமும் அதுதான். தள்ளுபடி போக ஓர் உருப்படியின் விலை, விற்பவரின் மாநிலம், பொருள் சென்று சேரும் மாநிலம், பில் தேதி ஆகிய நான்கை மட்டும் பெற்றுக்கொண்டு, விகிதத்தையும் தொகையையும் திருப்பித் தரும் சிறிய செயற்கூறாக அது இருக்கட்டும். இரு மாநிலங்களும் ஒன்றாக இருந்தால் சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) எனப் பாதிப் பாதி. வேறாக இருந்தால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான வரி). அதற்குள் தரவுத்தளம் வரக்கூடாது, உள்நுழைந்திருக்கும் பயனர் யார் என்ற கேள்வி வரக்கூடாது, இன்றைய தேதியை அதுவே பார்த்துக்கொள்வதும் கூடாது. அப்படி அமைந்துவிட்டால், எந்த முன்னேற்பாடும் இல்லாமல் நூறு சோதனைகளை நொடிப்பொழுதில் ஓட்டிப் பார்க்கலாம்.

‘தள்ளுபடி போக’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2600 ரூபாய் விலையுள்ள ஓர் ஆடைக்குப் பில்லிலேயே 10 சதவீதம் தள்ளுபடி தந்தால், விலை 2340 ரூபாய் ஆகி, வரி 5 சதவீதத்துக்குள் வந்துவிடும். வரியை முன்பும் தள்ளுபடியைப் பின்பும் போட்டால் அதே ஆடைக்கு 18 சதவீதம் விதிக்கப்படும். நீண்ட செயற்கூறில் இந்த முன்பின் வரிசை எங்கும் எழுதப்பட்டிருக்காது. நிரலில் எந்தக் கட்டளை மேலே இருக்கிறது என்பதில் மட்டுமே அது ஒளிந்திருக்கும். அவசரமாக வெட்டிப் பிரிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே, அளபுருவின் (செயற்கூறு பெற்றுக்கொள்ளும் மதிப்பின்) பெயரிலேயே ‘தள்ளுபடிக்குப் பின் விலை’ என்று இருக்கட்டும். முழு ஆர்டருக்கும் தரும் கூப்பனாக இருந்தால், அதை ஒவ்வொரு உருப்படிக்கும் பங்கிட்ட பிறகே வரிக் கணக்குக்குப் போக வேண்டும்.

விகிதங்களை நிபந்தனைகளாக எழுதாமல் அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயத்த ஆடைகளுக்கு 1000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12 சதவீதம் என்பது பழைய வரிசை. 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 சதவீதம் என்பது 2025 செப்டம்பர் 22 முதலான வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அது எந்த நாளிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதும் இருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் விற்ற ஆடையை வாடிக்கையாளர் அக்டோபரில் திருப்பி அனுப்பினால், அதற்கான கிரெடிட் நோட்டில் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டில்) அசல் பில்லின் விகிதமே வர வேண்டும் என்பதால், பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது தவறு. அடுத்த முறை விகிதம் மாறும்போது ஒரு வரிசையைச் சேர்த்தால் போதும். நான்காவது இடம் என்று ஒன்று இருக்காது.

வெளிவேலைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இருப்பைக் குறைப்பதும் ஆர்டரைப் பதிவதும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அதற்கு வெளியே, அது உறுதியான பிறகே போக வேண்டும். உள்ளே வைத்தால், பதிவு ரத்தான ஆர்டருக்கும் ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்ற செய்தி போய்விடலாம். வரிசையில் போடப்படும் வேலைகள் பரிவர்த்தனை முடியும்வரை காத்திருப்பதற்கு லாராவெல்லிலேயே ‘ஆஃப்டர் கமிட்’ என்ற வசதி இருக்கிறது.

காலிக் கூடை, தவறான முகவரி போன்ற தடைகளை மேலேயே பார்த்துத் திரும்பி வந்துவிட்டால், உள்ளே நான்கைந்து அடுக்காகப் போகும் நிபந்தனைகளும் சமதளமாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நிர்வாகத்திடம் ஒரு மாத அவகாசம் கேட்க வேண்டியதில்லை; கேட்டாலும் கிடைப்பது அரிது. கூப்பனில் மாற்றம் வேண்டும் என்று வரும் நாளில் கூப்பன் பகுதியை முதலில் வெளியே எடுத்து, சோதனைகள் தேறிய பிறகு அந்த மாற்றத்தைச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் எந்தச் செயற்கூறும் 20 வரிகளைத் தாண்டக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். அதனால் என் செயற்கூறைப் ‘படி 1’, ‘படி 2’, ‘படி 3’ என்று துண்டுகளாக்கினேன். விதி நிறைவேறியது, ஆனால் முன்பைவிடப் படிக்கக் கடினமாகத் தோன்றுகிறது. தவறு என்னுடையதா, விதியினுடையதா?
– பணியில் புதிதாகச் சேர்ந்த வாசகி, சென்னை

பதில்: உங்கள் கண்ணுக்குக் கடினமாகத் தோன்றுவது சரியே. ரூபி நிரல்களைச் சரிபார்க்கும் ரூபோகாப், ஒரு மெதடுக்கு (செயற்கூறுக்கு) 10 வரிகளை முன்னிருப்பு எல்லையாக வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கான ஈஎஸ்லிண்டின் வரி எண்ணிக்கை விதியை இயக்கினால் எல்லை 50. விண்கல நிரல்களுக்காக நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, அச்சிட்டால் ஒரே தாளில் அடங்கும்படி ஏறத்தாழ 60 வரிகள் என்கிறது. இவை ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகி நிற்பதால், எந்த எண்ணையும் இயற்கை விதியாகக் கொள்ள முடியாது. ‘இங்கே ஒருமுறை நின்று பாருங்கள்’ என்று சொல்லும் அறிவிப்பாக மட்டுமே அதைக் கொள்ள வேண்டும்.

வெட்டும் இடம் சரியா என்பதற்கு நான் இரண்டு அடையாளங்களைப் பார்ப்பேன். வெளியே எடுத்த துண்டுக்கு, அது செய்வதைச் சொல்லும் பெயர் இயல்பாக அமைய வேண்டும்; ‘படி 2’ என்றுதான் பெயரிட முடிகிறது என்றால் அது தனி வேலையாக இல்லை. இரண்டாவது, அந்தத் துண்டு தாய்ச் செயற்கூறின் ஏழெட்டு மாறிகளைக் கேட்கிறதென்றால், நடுச்சதையில் வெட்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் மேலேயோ கீழேயோ மூட்டு இருக்கும், தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், நேர்க்கோட்டில் போகும் 35 வரிகளை அப்படியே விட்டுவிடுவது மேல்.

வரி எண்ணிக்கையைவிட, கிளைகளை எண்ணும் அளவு எனக்கு ஏற்புடையது. தாமஸ் மெக்கேப் 1976இல் வெளியிட்ட ‘சைக்ளோமேட்டிக்’ அளவு, எளிமையாகச் சொன்னால், முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டுவது; 10ஐ நியாயமான மேல் எல்லையாக அவர் பரிந்துரைத்தார். அதற்கும் ஒரு குறை உண்டு. பதினைந்து மாநிலக் குறியீடுகளுக்குப் பெயர் தரும் நேரான ‘ஸ்விட்ச்’ (மதிப்புக்கு ஏற்பக் கிளை பிரியும் கட்டளை) 16 புள்ளிகள் பெற்றுவிடும், ஆனால் அதைப் படிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை; நான்கு அடுக்குக்குள் புதைந்த நிபந்தனைகள் 5 புள்ளிகளோடு தப்பிவிடும். சோனார்சோர்ஸ் நிறுவனம் பின்னர் அறிமுகப்படுத்திய ‘காக்னிட்டிவ்’ அளவு, அடுக்கு ஆழமாக ஆகக் கூடுதல் புள்ளி சேர்த்தும், முழு ஸ்விட்சையும் ஒன்றாக எண்ணியும் இதைச் சரிசெய்ய முயல்கிறது. உங்கள் குழுவில் பேசிப் பார்க்க முடிந்தால், வரி எல்லையைத் தளர்த்திவிட்டு அடுக்கு ஆழத்துக்கு எல்லை வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே மாதிரியான இருபது வரிகள் இரண்டு பக்கங்களில் வருகின்றன. ஒரே செயற்கூறாக ஆக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பதிவுப் படிவமும் தொடர்புப் படிவமும் இன்று ஒரே மாதிரி இருக்கலாம். நாளை ஒன்றுக்கு மட்டும் அடையாள அட்டை எண் தேவைப்படும். அப்போது ஒன்றாக்கிய செயற்கூறுக்குள் ‘இது பதிவுப் படிவமா’ என்று கேட்கும் ஓர் அளபுரு நுழையும், பிறகு இன்னொன்று நுழையும். இரண்டு எளிய நிரல்கள் இருந்த இடத்தில் கிளைகள் நிறைந்த ஒன்று மிஞ்சும். மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்ப்பது போல் இரண்டுக்கும் உண்மையிலேயே பொதுவான விதியை மட்டும் இப்போது வெளியே எடுங்கள். மற்றவை மூன்றாவது பக்கத்திலும் தேவைப்பட்டால், அப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.