படியளக்கிறவரிடம் கணக்குக் கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

என் கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. ஜனவரி 1 ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11, 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை' கர்த்தர் கொடுப்பார் என்ற வசனம். வருஷமே முடியப்போகிறது. வசனம் பொய்யா, என் விசுவாசம் போதவில்லையா?
– ஒரு சகோதரி, பெரம்பூர்

இரண்டுமில்லை, சகோதரி. குறை அட்டையில் இருக்கிறது. அதில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். அதற்கு முந்தின 10-ம் வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் ஜனங்கள் திரும்புவார்கள் என்கிறது. பாபிலோனில் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அது பொய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வருஷத்திலேயே அனனியா செத்தான். இன்றைக்கும் சபைகளில் அதிகம் 'ஆமென்' வாங்குவது அனனியாவின் பிரசங்கம்தான்!

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது? 5 முதல் 7 வரை வாசியுங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். போஷிப்பு அந்த அந்நிய ஊரின் தோட்டத்திலிருந்துதான் வந்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு என்பதற்காக ஏதாவது வேலையை உங்கள் கணவர் 'தேவசித்தம் இல்லை' என்று தள்ளியிருந்தால், அதை இன்னொருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். இனி எந்த அட்டை எடுத்தாலும் வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தங்கை வேளச்சேரியில் சொந்த ஃபிளாட் வாங்கிவிட்டாள். எங்களுக்குப் பன்னிரண்டு வருஷமாக வாடகை வீடுதான். மனசு புகைகிறது. ஜெபத்தில் அழுதாலும் "முறுமுறுக்காதே" என்கிறார் அத்தை.
– ஒரு வாசகி, ஆவடி

அத்தையோடு உட்கார்ந்து எண்ணாகமம் 11 வாசியுங்கள். அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு தரப்பார் குறை சொல்கிறார்கள், இரண்டுக்கும் கிடைத்த பதில் வேறு வேறு. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி வனாந்தரத்தில் இருந்த ஜனங்கள் தங்கள் தங்கள் கூடார வாசலில் நின்று அழுதார்கள். மோசேயோ நேரே கர்த்தரிடம் போய், "இந்த ஜனத்தைச் சுமக்க என்னால் முடியாது, என்னைக் கொன்றுபோடும்" என்றார். வார்த்தையின் காரத்தைப் பார்த்தால் மோசேயுடையதுதான் அதிகம். ஆனால் அவருக்குத் துணையாக 70 மூப்பர்கள் கிடைத்தார்கள். ஜனங்களுக்குக் காடை கிடைத்தது, கூடவே வாதையும் வந்தது. தேவனைப் பற்றிப் பிறரிடம் பேசுவது முறுமுறுப்பு. தேவனிடமே பேசுவது புலம்பல். நீங்கள் செய்வது இரண்டாவது.

அந்த ஜனங்கள் எதை நினைத்து அழுதார்கள் என்பதையும் கவனியுங்கள். எகிப்தில் கிரயமில்லாமல் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு! கிரயமில்லாமலா? வைக்கோலும் கொடுக்காமல் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வாங்கினார்களே, அதுதான் கிரயம். மனத்தாங்கல் வரும்போது நினைவு இப்படித்தான் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பொருளை மட்டும் காட்டும். தங்கையின் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மாதம் பிறந்ததும் அவள் கட்டும் தவணையை யாரும் பந்தி வைத்துக் காட்டுவதில்லை.

புலம்பலுக்கும் ஒரு முறை உண்டு. சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேள்வி, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு நோட்டில் இதே வரிசையில் எழுதுங்கள். பெரும்பாலானோர் முதல் நான்கு வசனங்களை வெட்கப்பட்டுத் தாண்டிவிட்டு ஐந்தாவதுக்குக் குதிப்பார்கள். துக்கம் உள்ளேயே தங்கி, பிறகு கூடார வாசலில் வெடிக்கும். சிலர் இரண்டாம் வசனத்திலேயே நின்றுவிடுவார்கள். ஆறையும் முடியுங்கள்.

அதே நோட்டின் மறுபக்கத்தில் அன்றன்று வந்ததை எழுதுங்கள். 'கர்த்தர் நல்லவர்' என்று பொதுவாக எழுதினால் இரண்டு வாரத்தில் சலிக்கும். 'வாடகை 5-ம் தேதியே கட்டியாயிற்று', 'அண்ணி இரண்டு கிலோ அரிசி கொடுத்தனுப்பினார்' என்று அளவோடு எழுதுங்கள். வனாந்தரத்தில் அந்த ஜனங்களுக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவுக்கும் அளவு இருந்தது. தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். அதையும் அவர்கள்தான் திரிகையில் அரைத்து, உரலில் இடித்து, சுட்டுத் தின்றார்கள். நீதிமொழிகள் 30-ல் ஆகூரின் ஜெபம், "என் படியை எனக்கு அளந்து" போஷியும் என்பது. படியளக்கிறவன் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதே படிதான். ஆகூர் வறுமையை மட்டுமல்ல, ஐசுவரியத்தையும் வேண்டாம் என்றார். அத்தைக்கு அந்த வசனத்தையும் காட்டுங்கள்.

சந்தேகத்தோடு ஆலயத்துக்குப் போவது மாய்மாலம் இல்லையா?
– கல்லூரி மாணவர், சாந்தோம்

நீங்கள் இருக்கும் இடமே பதில் சொல்கிறதே, தம்பி! சாந்தோம் என்பது இயேசுவின் சீஷரான தோமாவின் பெயர்தான். அவர் கி.பி. 52-ல் இந்தியா வந்தார், 72-ல் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பாரம்பரியம். உயிர்த்தெழுதலை நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் எட்டு நாள் கழித்து அவர் அதே சீஷர்களோடுதான் வீட்டுக்குள் இருந்தார். போங்கள். பாட முடியாத வரியில் வாயை மூடிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

"கடன் தீர விதை விதையுங்கள்" என்று ஒரு ஊழியர் சொன்னதால், தண்டலில் (தினவசூல் கடனில்) 10,000 எடுத்துக் காணிக்கை போட்டேன். இப்போது இன்னொரு தண்டல் எடுத்துத்தான் முதலாவதைக் கட்டுகிறேன்.
– ஒரு சகோதரர், இராயபுரம்

முதலில் கணக்கு. பத்தாயிரம் என்று எழுதி, 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் வட்டி வருஷத்துக்கு 120 சதவீதம் அளவுக்கு வருகிறது. எந்த விதையும் இதை முந்தி முளைக்காது.

2 இராஜாக்கள் 4-ல் கடன்காரன் ஒரு விதவையின் பிள்ளைகளை அடிமைகளாகப் பிடிக்க வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அந்த விதவையிடம் கேட்டது, "வீட்டில் என்ன இருக்கிறது?" ஒரு குடம் எண்ணெய்தான் இருந்தது. கடன் வாங்கச் சொன்னது வெறும் பாத்திரங்களை மட்டும். எண்ணெய் பெருகிய பிறகும் காணிக்கை கேட்கவில்லை. விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததில் பிழை என்றார். சாறிபாத் விதவையிடம் எலியா முதல் அடையைக் கேட்டாரே என்பார்கள். கேட்டார்தான், ஆனால் அவள் பானையில் இருந்த மாவிலிருந்து. அக்கம்பக்கத்தில் வாங்கிவரச் சொல்லவில்லை. கொடுப்பது இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்று 2 கொரிந்தியர் 8:12-ம் தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவது தண்டல் எடுக்காதீர்கள். வீட்டில் கிராம் கணக்கில் தங்கம் இருந்தாலும் வங்கியில் நகைக்கடன் வைத்து இரண்டையும் அடையுங்கள். முடியாவிட்டால், தவணை தவறும் முன்பே தண்டல்காரரைப் பார்த்து நாள் கேளுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சின் தொனியே மாறிவிடும். அடைத்த அன்றே, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோ நோட்டையும் வெற்றுச் செக்கையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். இனி கடன் வாங்கிக் காணிக்கை வேண்டாம்.

சேமிப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாம் அவிசுவாசமா? மறுநாளைக்கு வைத்த மன்னாவில் புழு பிடித்ததே.
– தாம்பரம் வாசகர்

ஆறாம் நாளில் சொன்னபடி இரண்டு ஓமர் எடுத்து வைத்ததில் புழுவும் இல்லை, நாற்றமும் இல்லை. எகிப்தில் பஞ்சம் வருமுன் யோசேப்பு ஏழு நல்ல வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார். 25,000 சம்பளத்துக்கு அது 5,000. அவ்வளவு முடியாவிட்டால் 500-ல் தொடங்குங்கள். சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள், மாதக் கடைசியில் மீதியைத் தேடாதீர்கள்.