“குழந்தை என்ன?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

மேடம், வணக்கம்.

எனக்கு 28 வயது. திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம் வீடு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை செக்‌ஷனில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். கணவருக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து இந்த வருடம்தான் நாள் தள்ளிப்போனது. கார்டில் இரண்டு கோடு விழுந்ததும் மாமியார் வடிவுடையம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டார்.

ஸ்கேன் எடுக்க நாள் குறித்திருந்தோம். அதற்குள் ஒருநாள் கடையிலேயே அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. ராத்திரி தோள்பட்டையும் சேர்ந்து வலித்தது, பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டேன். அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கரு கருப்பையில் இல்லை, டியூபில் தங்கி வெடித்திருக்கிறது என்று சொல்லி உடனே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஒரு டியூபை எடுத்துவிட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள்.

இப்போது இரண்டு மாதம் ஆகப்போகிறது. தையல் ஆறிவிட்டது. ஆடித் தள்ளுபடி வருகிறது, வருகிறாயா வேறு ஆள் போடவா என்று கடையிலிருந்து சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சம்பளம் இல்லாமல் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் போக நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. என் செக்‌ஷனுக்கு வளைகாப்புப் புடவை எடுக்கத்தான் நிறைய பேர் வருவார்கள். அவர்களுக்கு நான் மேலே போட்டுக் காட்ட வேண்டும். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, ‘அவ கலைச்சிட்டாளாம்’ என்று பேசினாளாம். தெருவில் ஒரு அம்மா என் வயிற்றுத் தழும்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, ‘சிசேரியனா? குழந்தை என்ன?’ என்று கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

தினமும் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனதால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார். கணவர் எதுவும் பேசுவதில்லை. நான் அழுதால், ‘விடு, நீ உயிரோட இருக்கியே, அது போதும்’ என்பதோடு சரி. லேசாக கேஸ் பிடித்தால்கூட மறுபடியும் வெடிக்கிறதோ என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அந்த டெஸ்ட் கார்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடு என்கிறார்கள். ஏழு வாரக் கருவுக்காக இவ்வளவு அழுவது அதிகமா மேடம்? நான் எப்படி வேலைக்குப் போவது?

– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

*

அம்மா, முதலில் அந்த ஷேர் ஆட்டோ விஷயத்தை முடித்துவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை நான் வேறு என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

கரு உருவான ஒரு வாரம், பத்து நாளுக்குள், அதாவது நாள் தள்ளிப்போவதற்கு முன்பே, அது ஏதோ ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். நீங்கள் கார்டில் இரண்டு கோட்டைப் பார்த்தபோது அது டியூபில் உட்கார்ந்து நாளாகியிருந்தது. ஆட்டோ குலுங்கி அங்கே போகவில்லை, குலுங்காமல் போயிருந்தால் கருப்பைக்கு வந்திருக்கவும் வந்திருக்காது. புடவைக் கட்டுத் தூக்கியது, பப்பாளி சாப்பிட்டது எதற்கும் இதில் பங்கில்லை. முன்பு எப்போதோ வந்த தொற்று, காசநோய், வயிற்றில் நடந்த பழைய ஆபரேஷன் இவற்றால் கருக்குழாயின் உட்புறம் பழுதாகியிருந்தால் இது நேரலாம். பல பெண்களுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இப்படி ஆகிறது. டியூபில் தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் வைக்கும் வித்தை எந்த ஊர் டாக்டருக்கும் தெரியாது. மாமியாருக்கு இதை டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்பிக்கை வரும். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் தெரியாத ஒன்றுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது அவருக்கு.

அழுவது அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே ராத்திரியில் இரண்டு நடந்திருக்கிறது. சாகப் போய்த் திரும்பி வந்தீர்கள், மூன்று வருடம் காத்திருந்த பிள்ளையும் போனது. சுற்றியிருப்பவர்கள் முதலாவதை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். உயிர் பிழைத்ததற்கு சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இவள் ஏன் அழுகிறாள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. உங்களுக்கோ, பிழைத்த பயமும் தீரவில்லை, இழந்ததற்கு அழுதும் முடியவில்லை. இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் வேண்டும். வாரக் கணக்கு வைத்து அழுகையை அளக்க வேண்டாம். அந்தக் கார்டு பீரோவிலேயே இருக்கட்டும். உங்களுக்குத் தோன்றும் அன்றைக்குப் போடலாம், தோன்றவே இல்லையென்றால் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ராத்திரியில் எழுந்து உட்காருவதும் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருச்சிதைவிலோ கருப்பைக்கு வெளியே கரு தங்கியோ கர்ப்பத்தை இழந்த பெண்களில் 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதம் கழித்தும் விபத்தில் தப்பியவர்களுக்கு வருவது போன்ற பயம், திடுக்கிடல், அதே காட்சி திரும்பத் திரும்ப வருதல் எல்லாம் இருந்திருக்கிறது. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு இருந்தது. இதற்கு வைத்தியம் உண்டு. ‘இதுக்கெல்லாமா மனநல டாக்டர்’ என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். தூக்கம், சாப்பாடு சரியாகாமல் இப்படியே போனால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒருமுறை பாருங்கள். ராத்திரியில் படபடப்பு தாங்காதபோது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே பேச வேண்டும், அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் படபடப்பு முழுவதும் மனதிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தம் ஏற்றும் அளவுக்கு இழந்திருக்கிறீர்கள். ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் தேதியைக் குறியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கேஸ் வலி அங்கே இங்கே நகரும், பிரிந்தால் விட்டுவிடும். ஒரே பக்கத்தில் நிலைத்து நிற்கும் வலி, தலைசுற்றல், காய்ச்சல், தையலில் நீர் கசிவது இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, கடைக்கு வருவோம். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்கு ஆறு வாரம் என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் பத்து மணி நேரம் நின்று, இடுப்பில் நாடா தையலை அழுத்த, மேலே புடவை போட்டுக் காட்டுவது வேறு வேலை. சூப்பர்வைசரிடம் வருகிறேன் என்பதோடு ஒரு நிபந்தனையும் சொல்லுங்கள்: முதல் ஒரு மாதம் பில்லிங்கிலோ, மடித்து அடுக்கும் இடத்திலோ, வேறு செக்‌ஷனிலோ போடுங்கள், கட்டுத் தூக்க மாட்டேன். டாக்டரிடம் இதையே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும். தமிழ்நாட்டில் 2021இலேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்டூல் கேட்பது உங்கள் உரிமை.

பணத்துக்கும் ஒரு வழி பாருங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்களா? பிடித்தால், வேலைக்குப் போகாத இந்த நாட்களுக்கு நோய்க்காலப் பயன் கேட்கலாம். வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால், கர்ப்பத்தால் வந்த நோய்க்கு ஒரு மாதம்வரை சம்பளத்தோடு விடுப்பு தர 1961ஆம் வருட மகப்பேறு நலச் சட்டத்தில் இடமிருந்தது, அதற்குப் பதிலாக வந்திருக்கும் இப்போதைய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இடமிருக்கிறது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் என்று தனியாக ஒரு பிரிவும் உண்டு. ஆனால் பழைய சட்டம் கருச்சிதைவு என்றால் கருப்பையில் இருந்தது வெளியேறுவது என்று எழுதிவைத்திருக்கிறது. டியூபில் இருந்த பிள்ளையை அவர்கள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலோ தொழிலாளர் அலுவலகத்திலோ காட்டிக் கேளுங்கள்.

கடையில் யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நம்பக்கூடிய ஒரு தோழி இருப்பாள் அல்லவா, அவளிடம் நீங்கள் போவதற்கு முன்பே ஒரே வரியைப் பரப்பச் சொல்லுங்கள்: “டியூபில் கரு தங்கி வெடித்து உயிருக்கே ஆபத்தாகி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வர்றா, அவளா பேசினா பேசுங்க.” கலைத்துவிட்டாள் என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சண்டை போட வேண்டாம், நியாயம் சொல்லவும் வேண்டாம். தெருவிலும் கவுன்டரிலும் கேட்பவர்களுக்கு, “ஆபரேஷன் ஆச்சு, இப்போ பரவாயில்லை” போதும். அதற்கு மேலும் துருவினால், “அதைப் பத்திப் பேச வேணாம்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை எடுங்கள். வளைகாப்புக்காரர்கள் வந்து தொண்டை அடைத்தால் தோழியிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள். இந்த ஏற்பாட்டை அவளிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த வயிற்றைப் பார்த்துப் பொறாமை வந்தால் வரட்டும், அதற்காகப் பாவம் செய்ததாக நினைக்காதீர்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கும் நாளில் போகாமல், அதற்கு முந்தைய வாரம் கூட்டமில்லாத ஒரு நாளில், முடிந்தால் அரைநாளாகத் தொடங்குங்கள். கொஞ்ச நாளைக்கு மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்குப் போங்கள். தையலுக்கு அது சௌகரியம், அவ்வளவுதான் காரணம்.

கணவரைப் பற்றி எனக்கு வேறு சந்தேகம். மயங்கிக் கிடந்த உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் இருந்திருப்பார். ஆபரேஷன் முடியும்வரை வெளியே நின்றிருப்பார். ‘நீ உயிரோட இருக்கியே’ என்பதை உங்கள் வாயை அடைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ராத்திரி அவருக்கும் இன்னும் விடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ‘ஏன் பேச மாட்டேங்கிறே’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். ‘என்னை உள்ளே கொண்டு போனப்புறம் நீ எங்கே இருந்தே?’ என்று கேட்டுப் பாருங்கள்.

மறுபடியும் குழந்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் பேச்சு வரும். ஒரு டியூப் போனாலும் மற்றொன்று சரியாக இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்கலாம். இப்படி நேர்ந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு வருடத்துக்குள் நல்லபடியாகக் கர்ப்பமாகிறார்கள். சுமார் பத்தில் ஒருவருக்கு மறுபடியும் டியூபில் தங்கலாம். அதனால் அடுத்த முறை நாள் தள்ளினால் ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். எப்போது முயற்சி செய்யலாம் என்பதை டாக்டர் சொல்வார். அவர் சரி என்ற பிறகும் உங்களுக்கு மனம் வரவில்லையென்றால், மாமியாரிடம் ‘டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்னாங்க’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.

– ஆலோசகர்