லைட்வெயிட்டில் விட்டேக்கருக்கு எத்தனையாவது இடம்?

கேள்வி: சார், சத்துவாச்சாரியில் எங்கள் ஜிம்மில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் பெர்னெல் விட்டேக்கரை வைத்துப் பெரிய வாக்குவாதம். மெக்சிகோ சாம்பியன் சாவேஸையே திணறடித்தவர், அதனால் லைட்வெயிட் வரலாற்றில் அவருக்குத்தான் முதலிடம் என்கிறான் நண்பன். நீங்கள் எங்கே வைப்பீர்கள்?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: நான்காவது இடத்தில். ரொபர்டோ டுரான், பென்னி லியோனார்டு, ஜோ கான்ஸ், அடுத்தது விட்டேக்கர்.

முதலில் சாவேஸை விட்டுவிடுங்கள். 1993-இல் சான் அன்டோனியோவில் நடந்த அந்தச் சண்டை டிரா என்று அறிவிக்கப்பட்டது பெரிய அநியாயம், விட்டேக்கர்தான் ஜெயித்தார், ஆனால் அது மேல் எடையான வெல்டர்வெயிட் பட்டத்துக்கான சண்டை. லைட்வெயிட் வரம்பு 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. சத்துவாச்சாரிக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? உங்கள் ஊர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் தூக்கியது 77 கிலோ பிரிவில், அதை வேறு எடைக் கணக்கில் யாராவது எழுதினால் நீங்களே சும்மா விடமாட்டீர்கள்.

சரி, 135 பவுண்டில் என்ன செய்தார்? 1988-இல் பாரிஸ் பக்கத்தில் ஹோசே லூயிஸ் ராமிரெஸிடம் தோற்றதாக எழுதியிருக்கும். நடுவர்கள் பிரிந்து தந்த அந்தத் தீர்ப்பை நான் தோல்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. மறு வருடம் பிப்ரவரியில் கிரெக் ஹாகனிடமிருந்து பட்டத்தைப் பறித்தார், ஆகஸ்டில் சொந்த ஊரான நார்ஃபோக்கில் அதே ராமிரெஸைத் தெளிவாக வென்றார், 1990-இல் கீழ் எடையிலிருந்து ஏறிவந்த அசுமா நெல்சனை வென்றார், பிறகு ஹுவான் நசாரியோவை ஒரே ரவுண்டில் சாய்த்து, டுரானுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் வைத்திருந்த முதல் லைட்வெயிட் ஆனார். இடது கைக்காரர். எதிராளியின் கைக்கு எட்டும் தூரத்திலேயே நின்று, முழங்காலை மடக்கி இடுப்பை வளைத்து, குத்து தலைக்கு மேலே காற்றில் போகும்போதே வலது கை ஜாபை, அதாவது முன் கையால் சட்டென்று விடும் நேர்க்குத்தை, முகத்தில் வைத்துவிடுவார். தற்காப்பு மட்டும்தான் கணக்கு என்றால் இந்த எடையில் அவரை மிஞ்ச ஆளில்லை, இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் ஏன் நான்காவது? ஆண்ட காலம்தான் காரணம். விட்டேக்கர் மூன்று வருடம் ஆண்டுவிட்டு மேல் எடைக்குப் போய்விட்டார். டுரான் 1972-இல் கென் புக்கானனிடம் பட்டம் வாங்கி 1979 வரை வைத்திருந்தார், 12 முறை காத்தார், அதில் 11 நாக்அவுட். பட்டம் பணயமில்லாத சண்டையில் தன்னைத் தோற்கடித்த எஸ்தேபன் டி ஹெசூஸைப் பின்னர் இரண்டு முறை நாக்அவுட் செய்து பழி தீர்த்தார். லியோனார்டு 1917 முதல் 1925 வரை சாம்பியன், பட்டத்தோடேயே ஓய்வு பெற்றார். கான்ஸ் 1906-இல் நெவாடா பாலைவனத்து கோல்ட்ஃபீல்டில் பேட்லிங் நெல்சனோடு 42 ரவுண்டு நின்றவர்.

இருவரும் நேருக்கு நேர் மோதினால் டுரானையே விட்டேக்கர் குழப்பியிருப்பார் என்று உங்கள் நண்பர் சொன்னால், அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் அது வேறு கேள்வி. நான்காவது இடத்துக்கு 1940-களில் ஆண்ட ஐக் வில்லியம்ஸ்தான் தகுதி என்று யாராவது வாதாடினால்தான் எனக்குப் பதில் சொல்வது கஷ்டம்.